சிரிப்பு நாடகமும் செலவுக் கணக்கும்

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள பல பல்கலைக்கழகங்களில் விநோதமான வழக்கம் ஒன்று இன்றும் தொடர்கிறது. மருத்துவமும் இயற்பியலும் சட்டமும் பயிலும் மாணவர்கள், வகுப்புகள் முடிந்தபின் ஓர் அறையில் கூடி, விக்டோரியா மகாராணி காலத்துச் சிரிப்பு நாடகம் ஒன்றைப் பாடிப் பழகுகின்றனர். சில வாரப் பயிற்சி, சில இரவுகள் மேடை. அதன்பின் கலைந்து தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகின்றனர். அடுத்த ஆண்டு வேறு முகங்கள், வேறு நாடகம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இத்தகைய சங்கம் 1947-இல் தோன்றியது. ஹார்வர்டில் 1956-இல் தோன்றியது. எடின்பரோவில் 1961-இல் தோன்றியது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களிடையேயும் இவ்வழக்கம் உண்டு. இந்தச் சங்கங்கள் மேடையேற்றுபவை பெரும்பாலும் இரட்டையர் இருவரின் படைப்புகளே: சொற்களை எழுதிய டபிள்யூ.எஸ். கில்பர்ட், இசையமைத்த ஆர்தர் சல்லிவன்.

பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் என்னை இதன்பால் ஈர்த்தது இசை அன்று. இதிலுள்ள ஒரு புதிர். இந்த நாடகங்களை நடத்துவதற்கென்றே ஏற்பட்ட தொழில்முறை நிறுவனம் டாய்லி கார்ட் குழு. நூறாண்டுக்கு மேல் நாடகம் நடத்திய அந்தக் குழு, பணம் போதாமல் 1982 பிப்ரவரி 27 அன்று திரையை இறக்கியது. அரசின் கலை மன்றம் மானியம் தர மறுத்துவிட்டது. 1988-இல் புதிய குழுவாக மீண்டபோதும் பழைய தொடர்ச்சி திரும்பவில்லை. தேர்ந்த கலைஞர்களால் தாக்குப்பிடிக்க இயலாத ஒன்றைக் கற்றுக்குட்டி மாணவர்கள் எவ்வாறு காப்பாற்றி வருகின்றனர்?

விடை காணுமுன் கலை வடிவத்தைச் சற்றுப் புரிந்துகொள்வது நல்லது. ஓபரா என்னும் இசை நாடகத்தில் பெரும்பாலும் எல்லாமே பாட்டு. அதன் இளைய தங்கையான ஓபரெட்டாவில், நம் பழைய கம்பெனி நாடகங்களில் வந்ததுபோல, வசனமும் பாட்டும் மாறிமாறி வரும். மெட்டு எளிது, பொருள் நகைச்சுவை. கில்பர்ட்டும் சல்லிவனும் 1871 முதல் 1896 வரை இணைந்து 14 படைப்புகளை உருவாக்கினர். அவற்றுள் முதலாவதன் இசை பெரும்பகுதி தொலைந்துவிட்டது. எஞ்சியவையே இன்றைய மாணவர் சங்கங்களின் மூலதனம்.

கில்பர்ட் சட்டம் படித்தவர். அபத்தமான ஒரு விதியை எடுத்துக்கொண்டு, அதைச் சட்ட நுணுக்கம் பிசகாமல் கடைசிவரை கொண்டுசெல்வதே அவருடைய உத்தி. 'பென்சான்ஸ் கடற்கொள்ளையர்' நாடகத்தின் நாயகனைச் சிறுவயதில் 'பைலட்' எனப்படும் கப்பல் வழிகாட்டியிடம் தொழில் பழக விட வேண்டும். செவிலி அச்சொல்லைப் 'பைரட்' என்று கேட்டுக் கொள்ளையரிடம் விட்டுவிடுகிறாள். ஒப்பந்தமோ அவனுடைய இருபத்தோராம் பிறந்தநாள் வரை. அவன் பிறந்தது பிப்ரவரி 29. ஆக, வயது 21 ஆன பின்பும் அவனுக்கு வந்த பிறந்தநாள்கள் ஐந்துதான்! கடமையுணர்வு மிக்க அந்த இளைஞன் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு மீண்டும் கொள்ளையரிடமே திரும்புகிறான். விதியை மதிப்பதும் விவேகமும் ஒன்றல்ல என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்கிய பாடநூலை நான் கண்டதில்லை.

1893-இல் அரங்கேறிய 'யுடோபியா லிமிடெட்' என் துறைக்கே உரியது. ஒரு தீவின் அரசன், 1862-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கம்பெனிச் சட்டத்தைப் பின்பற்றித் தன் நாட்டையே வரையறுத்த பொறுப்புடைய நிறுவனமாக மாற்றுகிறான். கடன் பட்டவன் முழுப் பொறுப்பை ஏற்க வேண்டியதில்லை என்ற ஏற்பாடு அரசாட்சிக்கே பொருந்தினால் என்னவாகும் என்பதே அங்குக் கேள்வி. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கேள்விக்கு வயதாகவில்லை.

இனிப் புதிருக்கு வருவோம். முதற்காரணம் படைப்புரிமை. 1878-இல் வெளியான 'எச்.எம்.எஸ். பினஃபோர்' லண்டனில் 571 முறை நடந்தது. அமெரிக்காவில் அதை அனுமதியின்றி ஏராளமான குழுக்கள் நடத்தின. அயல்நாட்டவரின் படைப்புக்கு அங்கு அப்போது சட்டக் காவல் இல்லை, 1891-இல்தான் வந்தது. ஆகவே அடுத்த நாடகத்தை, 1879 டிசம்பர் 30 அன்று பெயின்டன் என்னும் ஆங்கிலேயச் சிற்றூரில் பெயரளவுக்கு ஒருமுறை நடத்தி இங்கிலாந்து உரிமையைப் பதிவு செய்துகொண்டு, மறுநாளே நியூயார்க்கில் முறையாக அரங்கேற்றினர். அது கொள்ளையரைப் பற்றிய நாடகமாக அமைந்தது நல்ல பொருத்தம்.

இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறு. அங்கு உரிமை டாய்லி கார்ட் குழுவிடம் இறுகியிருந்தது. மற்றவர் நடத்த அக்குழுவின் உரிமம் வேண்டும். சல்லிவன் 1900-இலும் கில்பர்ட் 1911-இலும் மறைந்தனர். ஐம்பதாண்டுக் கணக்கின்படி இசை 1950 முடிவிலும் சொற்கள் 1961 முடிவிலும் பொதுச்சொத்தாயின. அன்றுமுதல் எந்த மாணவரும் எவரையும் கேளாமல், உரிமத்தொகை கட்டாமல், இவற்றை மேடையேற்றலாம். புதிய இசை நாடகமொன்றை நடத்த விரும்பும் சங்கம் உரிமத்துக்கே பெருந்தொகை ஒதுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம் நாடகத்தின் அமைப்பு. கில்பர்ட் குழுப்பாடகர்களை அலங்காரத்துக்காக நிறுத்தவில்லை, கதைக்குள்ளேயே இழுத்துப்போட்டார். மாலுமிகள், போலீஸ்காரர்கள், கொள்ளையர், பிரபுக்கள், தேவதைகள் என ஒவ்வொரு கூட்டத்துக்கும் கதையில் வேலை உண்டு. நாயகன், நாயகி என இருவர் மட்டும் மினுங்கும் நாடகத்தில் முப்பது பேர் ஆர்வம் காட்டமாட்டார்கள். இங்கோ பாடத் தெரிந்த எவருக்கும் இடமுண்டு. முதல்முறை முயல்வோர்க்கு 1875-இல் வந்த 'ட்ரயல் பை ஜூரி' இருக்கிறது; ஒரே அங்கம், வசனமே கிடையாது, முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மூன்றாவது காரணமே முதன்மையானது. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்னும் இரு பொருளியலாளர்கள் 1966-இல் நிகழ்கலைகளின் பொருளாதாரச் சிக்கலை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டனர். அதில் கூறப்பட்ட கருத்து பின்னாளில் 'செலவு நோய்' எனப் பெயர் பெற்றது. வகுப்பில் நான் பலமுறை விளக்கிய பாடம் அது. தொழிற்சாலையில் இயந்திரம் மேம்பட்டால் ஒரு தொழிலாளியின் உற்பத்தி பெருகும். அதனால் ஊதியமும் உயரும். கலையில் அது நடவாது. 1878-இல் 'பினஃபோர்' நாடகத்துக்கு எத்தனை பாடகர்களும் எவ்வளவு நேரமும் தேவைப்பட்டனவோ, ஏறத்தாழ அத்தனையும் இன்றும் தேவை. ஆனால் பிற துறைகளில் ஊதியம் உயரும்போது பாடகருக்கும் உயர்த்தியாக வேண்டும். உற்பத்தி பெருகாமலே செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

இதிலிருந்து தப்ப மூன்று வழிகள்: கட்டணத்தை உயர்த்துவது, மானியம் பெறுவது, உழைப்பை இலவசமாகப் பெறுவது. முதலிரண்டு வழிகளும் அடைபட்டதால் டாய்லி கார்ட் வீழ்ந்தது. மூன்றாவது வழியில் மாணவர் சங்கங்கள் வாழ்கின்றன.

அந்த இலவசத்தின் அளவு என்ன? எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது மாணவர்கள், வாரம் 6 மணி நேரம், 10 வாரங்கள் பயில்கின்றனர் என்று கொள்வோம். மொத்தம் 2,400 மணி நேரம். இருநூறு இருக்கைகள் உள்ள அரங்கு நான்கு இரவுகளும் நிறைந்தால் பார்வையாளர் 800 பேர். அதாவது ஒவ்வொரு பார்வையாளருக்கும் மூன்று மணி நேர உழைப்பு, பயிற்சியிலேயே செலவாகிவிடுகிறது. பிரிட்டனில் 21 வயது நிறைந்தோருக்கு 2024 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44 பவுண்டு. அதன்படி பயிற்சி உழைப்பின் மதிப்பு 27,456 பவுண்டு. நுழைவுச்சீட்டு ஒன்றுக்கு 34 பவுண்டுக்கு மேல். இசைக்குழு, மேடை அமைப்பு, ஒளி, உடை, நடந்த நான்கு இரவுகள் ஆகியவை இதில் சேரவில்லை.

இந்தத் தொகை சங்கத்தின் வரவு செலவுப் பட்டியலில் எங்கும் தென்படாது. அங்கே அரங்க வாடகை, இசைக்குறிப்புத் தாள்கள், உடை வாடகை, மரச்சட்டம், சாயம் ஆகியவையே இருக்கும். வரவுப் பக்கத்தில் உறுப்பினர் சந்தா, நுழைவுச்சீட்டு, மாணவர் பேரவை தரும் சிறு உதவித்தொகை. மிகப்பெரிய செலவைக் கணக்கில் எழுதாமலே கணக்கு நேர்செய்யப்படுகிறது.

மாணவர் ஏன் இவ்வாறு உழைப்பைத் தானம் செய்கின்றனர்? இங்கு உற்பத்தியாளரும் நுகர்வோரும் ஒருவரே என்பதுதான் விடை. நாடகம் பார்வையாளருக்கு இரண்டரை மணி நேர இன்பம். நடிப்பவருக்கோ பத்து வார இன்பம். அதனோடு வேறொன்றும் கிடைக்கிறது. நான் பணியாற்றிய கல்லூரியில் மாணவர் மன்றங்களின் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. தேர்வில் வரவு செலவுத் திட்டத்துக்கு இலக்கணம் எழுதிய மாணவனைவிட, கையிலிருந்த சிறுதொகையில் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் பங்கிட்டுத் தவித்த மன்றப் பொருளாளன் பற்றாக்குறை என்ற சொல்லை நன்கு அறிந்திருந்தான். வெறும் கைதட்டலை நம்பி நாற்பது பேரை ஒருசேர உழைக்க வைப்பதும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத கல்வி.

பழைய நாடகத்தை அப்படியே சுமக்க வேண்டும் என்பதில்லை. 1884-இல் வந்த 'இளவரசி ஐடா' பெண்களுக்கான பல்கலைக்கழகத்தைக் கேலி செய்வது. கேம்பிரிட்ஜில் பெண்களுக்கு முழுமையான பட்டம் கிடைத்தது 1948-இல்தான். இன்று அதே நாடகத்தில் பெண்கள் பட்டப்படிப்புக்கு நடுவே பாடும்போது, கேலியின் கூர்முனை கேலி செய்தவர் பக்கம் திரும்பிவிடுகிறது. ஜப்பானைக் களமாகக் கொண்ட 'மிக்காடோ' இன்னும் கடினம். ஆசியர் அல்லாதார் ஆசியராக ஒப்பனையிட்டு நடிப்பதற்கு எழுந்த எதிர்ப்பால், 2015-இல் நியூயார்க்கின் தொழில்முறைக் குழுவொன்று திட்டமிட்ட நிகழ்ச்சியையே கைவிட்டது. அந்நாடகத்தில், இல்லாமற்போனாலும் எவரும் வருந்தாத மனிதர்களின் பட்டியலை ஒருவர் பாடுவார். அதை அந்தந்தக் காலத்து அரசியலுக்கேற்ப மாற்றிப் பாடுவது நெடுநாள் மரபு. எதை மாற்றலாம், எதை விடலாம் என்று இளைஞர்கள் வாதிடுவதும் கல்வியே.

ஆனால் இந்த ஏற்பாட்டின் அடித்தளம் அசைகிறது. உழைப்புக்கு விலை குறிக்கப்படவில்லை என்பதால் அது செலவற்றது ஆகிவிடாது. ஒரு மாலையை ஒத்திகைக்குக் கொடுப்பவர் அந்த மாலையில் ஈட்டியிருக்கக்கூடிய கூலியை இழக்கிறார். இதையே வாய்ப்புச் செலவு என்கிறோம். இங்கிலாந்தில் 1998-க்கு முந்தைய சில பத்தாண்டுகளில் உள்நாட்டு இளநிலை மாணவர் பெரும்பாலோர் கல்விக் கட்டணத்தைத் தாமே செலுத்தியதில்லை. அவ்வாண்டு 1,000 பவுண்டாகத் தொடங்கிய கட்டணத்தின் உச்சவரம்பு 2006-இல் 3,000, 2012-இல் 9,000 என உயர்ந்தது. ஏழை மாணவருக்கான வாழ்க்கைச் செலவு மானியமும் 2016-இல் புதிதாகச் சேர்வோருக்கு நிறுத்தப்பட்டுக் கடனாக மாற்றப்பட்டது. கடனில் படிக்கும் மாணவர் மாலையில் உணவகத்திலோ கடையிலோ வேலை பார்ப்பது இயல்பு. அவர் ஒத்திகைக்கு வர இயலாது.

விளைவு என்ன? சங்கம் உடனே மூடப்படாது. மாலைகளை இலவசமாகத் தரக்கூடியவர்கள், அதாவது பெற்றோர் வசதியுள்ளவர்கள், மட்டுமே எஞ்சுவர். பிரபுக்களைக் கேலி செய்ய எழுதப்பட்ட நாடகங்கள் பிரபு வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகச் சுருங்கும். கில்பர்ட் உயிரோடிருந்தால் இதையே கருவாகக்கொண்டு ஒரு நாடகம் எழுதியிருப்பார்.

இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. மாலையில் வாடகையில்லா அறை, தேர்வு அட்டவணையில் மோதாத சில வாரங்கள், வேலையை விட்டு வர இயலாதவர்க்குச் சிறு உதவித்தொகை ஆகிய மூன்றும் போதும். பல்கலைக்கழகங்கள் அறைகளை வாடகைக்கு விட்டு வருவாய் ஈட்டும் கணக்கை நன்றாகவே போடுகின்றன. அந்த அறையில் நடக்கும் ஒத்திகையின் மதிப்பையும் சேர்த்துப் போட வேண்டும். உலகெங்கும் எந்தக் கல்லூரியின் மாணவர் மன்றத்துக்கும் இது பொருந்தும். பட்டியலில் எழுதப்படாத செலவை யாரோ ஒருவர் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் யார், எவ்வளவு காலம் தாங்குவார் என்று கேட்பது கல்வி நிறுவனங்களின் கடமை.