மூன்று இரவும் ஒரு முகவரியும்

வழிச்செல்வோனுக்கு வேண்டுவன மூன்று: தாகத்துக்கு நீர், பசிக்குச் சோறு, இரவுக்குக் கூரை. முதலிரண்டையும் காசு கொடுத்தேனும் கேட்டேனும் பெற்றுவிடலாம். மூன்றாவது அத்துணை எளிதன்று. முன்பின் அறியாத ஒருவனைத் தன் கூரையின்கீழ்க் கண்ணயர விடுவதற்கு விடுகின்றவனுக்கும் நம்பிக்கை வேண்டும்; படுக்கின்றவனுக்கும் நம்பிக்கை வேண்டும். அதனாலேதான் நம் முன்னோர் சோறிடுவதோடு நில்லாது சத்திரமும் மடமும் கட்டிவைத்தனர் போலும். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பு மாநகரிலே பெரியதோர் இளைஞர் விடுதியில் மூன்று இரவுகள் தங்க நேர்ந்தபோது, இதனைப் பற்றிச் சிந்திக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. என்னோடு வந்த ஒரு மாணவி, சிந்தனையோடு சிறிது வெட்கத்தையும் சேர்த்துத் தந்தாள். அவ்விரண்டையும் ஈண்டுச் சொல்லப் புகுகின்றேன்.

அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கு எங்கள் பக்கத்து மாணவர் அறுவர் தெரிவாகியிருந்தனர். நால்வர் ஆண்பிள்ளைகள், இருவர் பெண்பிள்ளைகள். பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பகுதித் தோட்டங்களிலே கொழுந்து பறிப்போரின் மக்கள் அவர்கள். கீழைத்தேயக் கல்லூரியிலே தமிழ் கற்பிக்கும் நானும், துணைக்கு ஓர் ஆசிரியையுமாகப் பதுளையில் இரவுத் தபால் வண்டி ஏறினோம். 1924ஆம் ஆண்டில் பதுளையை வந்தடைந்த அந்த இருப்புப்பாதை கொழும்பு வரை ஏறக்குறைய 290 கிலோமீற்றர் நீளமுடையது. தெமோதரை நிலையத்தின் அடியிலே சுரங்கத்துள் நுழைந்து, குன்றைச் சுற்றி வந்து, அதே நிலையத்தின்மேல் ஏறி நிற்கும் அதன் விந்தையை இருட்டிலும் காண வேண்டுமென்று பிள்ளைகள் சன்னலோரம் முண்டியடித்தனர். விடிந்தபோது கோட்டை நிலையத்தின் இரைச்சல் எங்களை எதிர்கொண்டது.

விடுதியின் பெயர் வேண்டா. நகரத்து ஓட்டல்களிலே ஓர் அறைக்குக் கேட்கும் தொகையில் எங்கள் எண்மருக்கும் படுக்கை தந்த இடம் அது. வாயிலிலே நீண்ட மேசை. மேசைமேல் தடித்த பதிவேடு. பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி என்று மூன்று நிரல்கள். பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக எழுதலாயினர். உயர்தர வகுப்பு மாணவியொருத்தி பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதிவிட்டு, மூன்றாம் நிரலை நோக்கிச் சற்றே தயங்கினாள். நான் அவள் செவியருகே குனிந்து, "பாடசாலை முகவரியை எழுது, பிள்ளை" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பாடசாலையிலே படிக்கத்தானே செய்றேன், சேர், இருக்கிறது லயத்திலே தானே?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, தோட்டத்தின் பெயர், பணியக் கணக்கு, லயம் இலக்கம், காம்பரா இலக்கம் எல்லாவற்றையும் அழகிய கையெழுத்தில் எழுதி முடித்தாள். மேசைக்குப் பின்னிருந்தவர் அதனைப் படித்தார், ஒன்றும் வினவவில்லை. ஓர் அலுமாரித் திறப்பையும் வெளுத்த விரிப்பொன்றையும் அவள் கையில் கொடுத்தார். அந்தச் சிறு திறப்பை அவள் உள்ளங்கையிலே வைத்துப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஐவர் வாழும் ஒற்றைக் காம்பராவிலே அவளுக்கென்று பூட்டும் திறப்புமுடைய பொருள் ஒன்றேனும் இருந்திராது.

நான் ஏன் அவ்வாறு சொன்னேன்? காரணம் உண்டு. மலையகத்துத் தோட்டங்கள் பலவற்றிலே கடிதம் வீட்டுக்கு வருவதில்லை. தோட்டக் கந்தோருக்கு மொத்தமாக வரும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயத்தை அடையும். சிலவேளை அடையாமலும் போகும். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவனொருவனுக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. பரீட்சை முடிந்து நான்காம் நாள் அக்கடிதம் அவன் கையிற் கிடைத்தது. அவன் அழவில்லை, மறுநாட் காலை பிரட்டுக்குப் போய்ப் பேர் பதிந்துகொண்டான். அன்றுமுதல் என் மாணவர் அனைவருக்கும் பாடசாலை முகவரியையே எழுதும்படி சொல்லி வந்தேன். இது முன்யோசனைதான். ஆயினும் வாசகரிடம் உண்மையை மறைத்தல் தகாது. அந்த மேசைமுன் நின்றபோது என் செவிகள் சிவந்தமைக்குக் காரணம் தபால் பற்றிய கவலை மட்டுமன்று. 'லயம்' என்ற சொல்லைக் கொழும்பிலே எழுத நான் கூசினேன். அந்தப் பெண் கூசவில்லை.

விடுதிக்குள்ளே ஆடவர்க்கு ஒரு மண்டபம், மகளிர்க்கு ஒரு மண்டபம். ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக இரட்டைத் தட்டுக் கட்டில்கள். ஐம்பதைக் கடந்த எனக்கு மேற்றட்டு வாய்த்தது. ஏணியிலே நான் ஏறிய கோலத்தைக் கண்டு மாணவர் வாய்பொத்திச் சிரித்தனர். கீழ்த்தட்டிலே படுத்திருந்த ஜேர்மானிய இளைஞரொருவர் எழுந்து, ஒரு சொல்லும் பேசாது தம் விரிப்பைச் சுருட்டி மேலே எறிந்துவிட்டு எனக்கு இடம் விட்டார். அன்றிரவு அந்த மண்டபத்திலே யாழ்ப்பாணத்து மாணவரும் மட்டக்களப்பு மாணவரும், அம்பாந்தோட்டையிலிருந்து வேலைக்கு மனுப் போட வந்த சிங்கள இளைஞர் இருவரும், பிறநாட்டு வழிப்போக்கர் சிலரும் ஒரே விசிறியின்கீழ் உறங்கினோம். விடியற்காலையில் குளியலறைக்கு முன்னே நீண்ட வரிசை. நகரத்தார் முணுமுணுத்தனர், எங்கள் பிள்ளைகளோ வாளியும் துவாயுமாகப் பொறுமையோடு நின்றனர். பீலிக்கரையிலே பழகிய கால்களுக்கு வரிசை புதிதா?

மாலையில் அந்த ஜேர்மானியரும் நானும் முன்றிலிலே பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் இருவரின் ஆங்கிலமும் நொண்டியே நடந்தது. எனினும் ஊர் போய்ச் சேர்ந்தது. இத்தகைய விடுதிகளை முதன்முதல் எண்ணியவர் தம் நாட்டுப் பள்ளியாசிரியர் ஒருவரே என்று அவர் சொன்னார். பின்னர் நானும் படித்தறிந்தேன். ரிச்சர்ட் ஷிர்மன் என்பது அவ்வாசிரியர் பெயர். 1909ஆம் ஆண்டு ஆகத்து மாதம் தம் மாணவரை நெடுநடைப் பயணமாக அழைத்துச் சென்றவர், இடியும் மழையும் மறித்த இரவொன்றில் ஒரு பள்ளிக்கூடத்திலே வைக்கோல் பரப்பிப் பிள்ளைகளைப் படுக்க வைத்தாராம். பிள்ளைகள் உறங்கினர், ஆசிரியர் உறங்கவில்லை. விடுமுறையிலே வெறுமையாய்க் கிடக்கும் பள்ளிக்கூடங்கள் நாடெங்கும் இருக்கின்றனவே, நடந்து வரும் பிள்ளைகளுக்கு அவை ஏன் தங்குமிடமாகக் கூடாது என்று அவ்விரவு முழுதும் எண்ணினார். 1912இல் அல்டேனா நகரத்துப் பழங்கோட்டையிலே முதல் நிலையான இளைஞர் விடுதி அமைந்தது. 1932இல் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் அம்ஸ்ரடாமிலே கூடி உலக அமைப்பொன்றைத் தோற்றுவித்தன. குறைந்த கட்டணம், எளிய படுக்கை, தன் படுக்கையைத் தானே விரித்துத் தானே மடித்தல், வந்தவர் எவராயினும் ஒரே மதிப்பு என்பனவே அவ்வியக்கத்தின் பழைய முறைமைகள்.

கேட்டபோது எனக்கு மணிமேகலைக் காப்பியத்து உலக அறவி நினைவிற்கு வந்தது. புகார் நகரத்திலே ஆதரவற்றோரும் உறுப்புக் குறைந்தோரும் வந்து தங்கிய பொது அம்பலம் அது. உலகத்தார் யாவர்க்கும் உரிய அறச்சாலை என்று பெயர் வைக்க அந்நாளிலே தமிழனுக்குத் தோன்றியிருக்கின்றது. வெகுதூரம் போக வேண்டா. பதுளைக்கு அண்மையில், ஹாலிஎலப் பக்கத்துப் போகொடையிலே, ஓடையின்மேல் ஓடு வேய்ந்த பழைய மரப்பாலம் ஒன்று இன்றும் இருக்கின்றது. ஆற்றைக் கடக்கப் பலகை போதும். கூரை எதற்கு? நடந்து களைத்தவன் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கித் தங்குவதற்கு. சிங்களக் கிராமத்துத் தச்சனுக்கும் அதே அறம் தெரிந்திருக்கின்றது.

ஜேர்மானியர் அடுத்து எல்லவுக்குப் போக எண்ணியிருந்தார். வழி கேட்டார். நான் வாய் திறக்குமுன் அந்த மாணவி முந்திக்கொண்டாள். எந்த வண்டியில் எந்தப் பக்கம் அமர்ந்தால் பள்ளத்தாக்குத் தெரியும், நமுனுகுலை மலையிலே ஏறுவதானால் மூடுபனி இறங்குமுன் எப்போது புறப்பட வேண்டும், அட்டை கடித்தால் என்ன செய்ய வேண்டும், எந்த லயத்தில் கேட்டால் தேநீர் கிடைக்கும் என்றெல்லாம் சொல்லலானாள். நான் வியந்து நின்றேன். பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டு ஆற்றுப்படை என்று வகுப்பிலே எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றேன். மலைவழியின் இடர்களையும் மலைவாழ்நரின் விருந்தோம்பலையும் கூத்தர்க்கு எடுத்துரைப்பதே மலைபடுகடாம் என்று குறிப்பும் எழுதுவித்திருக்கின்றேன். அது உயிரோடு நடமாடக் கண்டது அன்றுதான். பயன் பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டுவதே ஆற்றுப்படை. விடுதிகளிலே வழிப்போக்கர் ஒருவர்க்கொருவர் செய்துகொள்வதும் அதுவேயன்றோ?

ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வரிசைக் கட்டில்களைப் பார்க்கப் பார்க்க லயங்களின் வரிசை கண்முன் நின்றது. இதுவும் நீண்ட கூரை. அதுவும் நீண்ட கூரை. இங்கும் பலர்க்கு ஒரு குழாய். அங்கும் பலர்க்கு ஒரு பீலி. அங்ஙனமாயின் இது இன்பமாகவும் அது துன்பமாகவும் இருப்பது யாதினால்?

லயத்தின் பிறப்பை எண்ணிப் பார்த்தேன். கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்கள் மன்னார் வழியே காடு கடந்து மாத்தளைக்கு நடந்தனர். பிற்காலத்தோர் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டுக் கப்பலேறினர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவோர் பலர். அவர்கள் சில மாதம் ஒதுங்கியிருக்கவே பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று காம்பராக்களை வரிசையாகக் கட்டினர் தோட்டத்துரைமார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்க வேண்டும். வந்தவர் நிலைத்தனர். கட்டடம் மட்டும் மாறவில்லை. வழிப்போக்கர்க்கென்று கட்டிய சத்திரத்திலே தலைமுறை தலைமுறையாய்க் குடியிருக்கின்றார்கள் எம் மக்கள். அதனை வீடென்று எழுதித் தருவாரில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை அக்கரைக்கு எண்ணிக் கணக்கிட்டது. எஞ்சி நின்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. நாடு கிடைத்துவிட்டது. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் சிலர்க்குக் கிடைத்துள்ளன. லயத்திலே காத்திருப்போர் இன்னும் பலர்.

விடுதி இன்பமாவது, திரும்பிச் செல்ல ஒரு வீடு இருப்பதனால்தான். ஷிர்மனின் மாணவர் வைக்கோலிலே சிரித்துப் படுத்தமைக்கு அதுவே காரணம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியபோது, தப்பியவர்களும் பாடசாலை மண்டபங்களிலேதான் படுத்தனர். கூரை ஒன்றே, படுத்தவர் நெஞ்சு வேறு.

மூன்றாம் நாள் போட்டி முடிந்தது. அந்த மாணவிக்குக் கட்டுரையில் இரண்டாம் பரிசு. புறப்படும் வேளையில் அவள் தன் விரிப்பை நான்காக மடித்துவைத்து, அலுமாரியை வெறுமையாக்கி, திறப்பை மேசையிலே ஒப்படைத்தாள். ஜேர்மானியர் அவளிடம் முகவரி கேட்டார். பதிவேட்டிலே எழுதியதையே மீண்டும் எழுதிக் கொடுத்தாள். இம்முறை நான் ஒன்றும் சொல்லவில்லை.

சில மாதங்களின்பின் அவள் ஒரு படத் தபாலட்டையை வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டினாள். முன்புறத்திலே மலைமேல் ஒரு பழங்கோட்டை, அல்டேனா. பின்புறத்திலே லயம் இலக்கமும் காம்பரா இலக்கமும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. முத்திரைகளைக் கூர்ந்து நோக்கினேன். ஜேர்மனியிலிருந்து எங்கள் பகுதித் தபாற் கந்தோருக்கு அது வந்து சேர 11 நாள். அங்கிருந்து இரண்டு மைல் தொலைவிலுள்ள அவள் காம்பராவை அடைய 26 நாள்.

"பிந்தினாலும் வந்துட்டுது தானே, சேர்" என்றாள் அவள். இப்போது என் மாணவர் விண்ணப்பங்களிலே இரண்டு முகவரிகளையும் எழுதுகின்றனர். கடிதம் வருவதற்குப் பாடசாலை முகவரி. வீட்டு முகவரி என்று கேட்குமிடத்திலே லயத்தின் முகவரி. எழுதிய பின் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.