பல்வலியும் பெனிசிலினும்

எம்மிடம் உயர்தர வகுப்பில் உயிரியல் பயின்ற மாணவி ஒருத்தி இப்பொழுது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் கற்கின்றாள். விடுமுறைக்கு வட்டகொடை வந்திருந்தவள், ஒரு மாலைப்பொழுதில் எமது இல்லத்துக்கும் வந்தாள். கையில் தடித்ததொரு குறிப்புப் புத்தகம், மருந்தியலாம். "பல்லைப் பிடுங்குபவருக்கு இத்தனை மருந்து எதற்கம்மா?" என்று வேடிக்கையாகக் கேட்டோம். அவள் சிரித்துவிட்டு, "சேர், செத்துப்போன பல்லுக்குள் மருந்து எந்த வழியாகப் போகும்?" என்று எம்மையே திருப்பிக் கேட்டாள்.

இருபது ஆண்டுகளாக இரத்த ஓட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டி வரும் எமக்கு அக்கேள்வி அதுவரை தோன்றியதேயில்லை. அத்தகைய பல்லொன்றை எமது வாயிலேயே இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தோம் என்பதுதான் அதனினும் வெட்கம்.

அது கீழ்த்தாடையின் வலப்புறக் கடைவாய்ப்பல். முதன்முறை வலி கண்டபோது யாரோ சொன்ன குளிகையை வாங்கி விழுங்கினோம். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. மிகுதிக் குளிகைகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தோம். ஆறு மாதம் சென்று மீண்டும் வலி, மீண்டும் அதே குளிகை, மீண்டும் சுகம். இவ்வாறு மூன்று முறை. நான்காம் முறை வீக்கம் தாடையைக் கடந்து கழுத்துக்கு இறங்கிற்று. வாயைத் திறந்து ஒரு கவளம் சோறு உண்ண முடியவில்லை. வைத்தியசாலையில் பல்லைப் பிடுங்கிச் சீழை அகற்றிய பின்னரே உயிர் தரித்தோம் எனலாம்.

மாணவி விளக்கியதை எமது சொற்களில் தருகின்றோம். பல்லின் நடுவே பற்கூழ் என்னும் மென்மையான பகுதி உண்டு. நரம்பும் இரத்தக் குழாய்களும் வேரின் நுனியிலுள்ள நுண்ணிய துளை வழியாக அதனுள் வந்து சேர்கின்றன. சொத்தை ஆழமாகிப் பற்கூழ் அழுகி இறந்ததும் அக்குழாய்களும் அழிந்து விடுகின்றன. நாம் விழுங்கும் குளிகை இரைப்பையிலும் குடலிலும் கரைந்து, இரத்தத்தில் ஏறி, இரத்தம் செல்லும் இடத்துக்கே செல்லும். இரத்தமே செல்லாத பல்லுக்குள் அது எவ்வாறு நுழையும்? வேரைச் சுற்றியுள்ள சதையில் பரவிய பற்றீரியாக்களை அது அடக்கும். அதனால் வீக்கம் வடியும். உள்ளே குடியிருக்கும் கூட்டமோ அசையாது இருந்து, அடுத்த தருணத்தில் மீண்டும் புறப்படும். பல்லைத் திறந்து வேரைத் துப்புரவாக்குதல், அல்லது பல்லையே அகற்றுதல், இவ்விரண்டில் ஒன்றே அதற்குச் சிகிச்சை.

அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதனையே கூறுகின்றது. பிற நோயற்ற வளர்ந்தோருக்கு வரும் பல்வலிக்கு, உடனே பல்லுக்குச் சிகிச்சை அளிக்க வசதியிருப்பின், நுண்ணுயிர்க்கொல்லி பெரும்பாலும் வேண்டுவதில்லையாம். வலிக்கு இபுபுரோபனும் பரசிற்றமோலும் போதும். பரசிற்றமோல் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த பனடோலே. 500 மில்லிகிராம் மாத்திரை வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு எட்டுக்கு மேற்படலாகாது. இபுபுரோபனோ குடற்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளோருக்கும் டெங்குச் சந்தேகம் உள்ளோருக்கும் ஆகாது.

அப்படியாயின் பெனிசிலின் வீண் மருந்தா? அன்று. 1928இல் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு பூஞ்சணத்தின் அருகே பற்றீரியாக்கள் மடிந்து கிடக்கக் கண்டார். பற்றீரியா தன்னைச் சுற்றிக் கட்டும் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பதே பெனிசிலினின் தொழில்; மனித உயிரணுவுக்கு அத்தகைய சுவர் இல்லையாதலின் நமக்குக் கேடில்லை. 1941இல் ஒக்ஸ்போர்ட்டில் சீழ்பிடித்து மரணத்தறுவாயிலிருந்த காவலர் ஒருவருக்கு அதனை ஏற்றினர். அவர் தேறத் தொடங்கினார். ஆனால் மருந்து தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றியும் போதாமல் அவர் இறந்தார். அத்துணை அருமையாயிருந்த பொருளை இன்று நாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கின்றோம்! 1945இல் நோபல் பரிசு பெற்றபோது, குறைந்த அளவில் அருந்தினால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடும் என்று பிளெமிங்கே எச்சரித்தார். மருந்தை எதிர்க்கும் பற்றீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர்.

எத்தனை நாள் அருந்துவது என்பதிலும் வைத்தியர் கருத்து மாறி வருகின்றது. பல் வைத்தியத்தில் மூன்றாம் நாள் நோயாளியைப் பார்த்து, தேறியிருப்பின் விரைவில் நிறுத்துவதே இப்போதைய போக்கு. ஆயின் நிறுத்தும் நாளைக் குறிப்பவர் வைத்தியரேயன்றி நாமல்லோம்.

பல் வைத்தியர் கையாளும் மற்றொரு மருந்து மெற்றோனிடசோல். இதன் கதை சுவையானது. ஒட்டுண்ணி நோயொன்றுக்காக இதனை உட்கொண்ட பெண்ணொருத்திக்கு, கூடவே இருந்த ஈறழுகல் நோயும் தீர்ந்துவிட்டதாம். 1962இல் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் அச்செய்தி வெளியான பின்னரே, ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியாக்களையும் இது கொல்லும் என்பது தெரியவந்தது. இதனை அருந்தும் நாட்களிலும் அதன்பின் சில நாட்களும் மது கூடாது என்பர். முகம் சிவந்து வாந்தி வரக்கூடும். வார்பரின் என்னும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்போருக்கு இது இரத்தப் பெருக்கையும் உண்டாக்கலாம்.

தாய்மார் கவனிக்க வேண்டியது ரெற்றாசைக்கிளின். இது கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆதலின் பால் தேநீருடன் விழுங்கினால் மருந்து உடலிற் சேராமல் வீணாகும். தேயிலை நாட்டில் இதைச் சொல்லாமல் விடலாமா? கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கொடுத்தால், உருவாகிக்கொண்டிருக்கும் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்து நிலைத்துவிடும்.

இல்லத்தில் முதியோர் உண்டெனின், அவர்கள் அருந்தும் மருந்துகளைப் பெட்டியோடு பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். எலும்பு தேயாதிருக்கக் கொடுக்கும் அலென்றோனேற் போன்ற மருந்துகளை உட்கொள்வோர் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடையெலும்பு ஆறாமற் போவதுண்டு. இது 2003இலேயே முதன்முதல் எடுத்துரைக்கப்பட்டது. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்கோ, பல் பிடுங்குமுன் ஒரு வேளை நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்க வேண்டியிருக்கும். பெனிசிலின் சிலருக்கு ஒவ்வாது. முன்னர் உடம்பு தடித்ததோ மூச்சு முட்டியதோ உண்டாயின் மறவாமல் கூறுக.

இவற்றையெல்லாம் எழுதுவது எளிது. தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தலவாக்கலைக்கோ நுவரெலியாவுக்கோ பல் வைத்தியரை நாடிச் செல்வதென்றால் ஒரு நாட் 'பேர்' போகும். பஸ் கூலி வேறு. பக்கத்து லயத்தில் மிஞ்சிய நான்கு குளிகைகளோ இலவசமாகக் கிடைக்கின்றன. அவள் அதனை விழுங்குவதை அறியாமை என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. அதிலும் ஒரு கணக்கு இருக்கின்றது. பட்டதாரியாகிய நாம் செய்ததும் அதுவே; எமக்குச் சம்பள விடுப்பும் இருந்தது. ஆயினும் வீக்கம் பரவி, காய்ச்சல் கண்டு, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பட்டால், அந்நாட் பேரைப் பாராது அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கீழ்த்தாடையிற் கிளம்பும் சீழ் கழுத்தில் இறங்கி மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும். பெனிசிலின் உண்மையாக வேண்டப்படுவது அந்நேரத்திலேயே. வெற்றிலை போடுவோர் வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருப்பின் அதற்கும் குளிகை தேடாது காட்டுதல் வேண்டும். அது வேறு நோயாயிருக்கலாம்.

விடைபெறுமுன் மாணவி எமது பிஸ்கட் டின்னைப் பார்க்க விரும்பினாள். மேசையில் கொட்டினோம். பதின்மூன்று குளிகைகள், இரண்டு நிறம், அட்டைகளில் இரண்டு பெயர். "சேர், இரண்டும் அமொக்சிசிலின்தான். கம்பனிப் பெயர்தான் வேறு," என்றாள். வெவ்வேறு மருந்தென எண்ணி இரண்டையும் சேர்த்தே ஒருமுறை விழுங்கியிருக்கின்றோம்! இத்தகைய குழப்பத்தை அன்றே உணர்ந்தவர் மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலே. வணிகப் பெயரால் அன்றி மருந்தின் சொந்தப் பெயராலேயே மருந்தை எழுதவும் வாங்கவும் வேண்டும் என வாதாடியவர் அவர். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே; 1977இல் கயானாவில் காலமானார். அவர் பெயரை அன்றுதான் நாம் அம்மாணவியின் வாயிலாகக் கேட்டோம்.

பதின்மூன்று குளிகைகளையும் அவள் ஒரு கடதாசி உறையிலிட்டுத் தன்னுடன் எடுத்துச் சென்றாள். டின்னில் இப்பொழுது எமது மனைவியார் ஊசியும் நூலும் வைத்திருக்கின்றார்.