ஏர் ஃபில்டருக்கு ஒரு அலுமினியத் தடுப்பு

“வெயில் வந்தா வண்டிக்கு பிக்கப்பே இல்லண்ணே.” சித்திரை பிறந்துவிட்டால் திருச்சி மாம்பழச் சாலை டீக்கடைகளில் இந்தப் பேச்சு அடிபடும். இதில் ஏ.சி.க்கும் பங்கு உண்டு. அதன் கம்ப்ரசர் என்ஜினின் இழுவையில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது. இன்னொரு காரணம் காற்று. அதைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் சிலிண்டருக்குள் இருக்கும் இடம் மாறாது. 1200 சிசி என்றால் என்றும் 1200 சிசிதான். காற்று சூடானால் விரியும், அதே இடத்துக்குள் எடை குறைவாகத்தான் அடங்கும். மே மாதத் திருச்சியில் வெளியே 40 டிகிரி, பானெட்டுக்குள் 70 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கெல்வின் கணக்கில் அவை 313, 343. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.91 வரும். அதாவது வெளிக்காற்றுக்குப் பதிலாக பானெட்டுக்குள் இருக்கும் காற்றை இழுக்கும் என்ஜினுக்கு 9 சதவீதம் காற்று குறைகிறது. முழுசாக மிதிக்கும்போது இழுவையும் ஏறக்குறைய அந்த அளவுக்கு அடிவாங்கும்.

திருவெறும்பூர் பெல் பாய்லர் ஆலையில் வேலை செய்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் இந்த இடத்தில் மடக்குவார். “பாய்லருக்குப் போற காத்தை நாங்க சூடாக்கித்தானே அனுப்புறோம்?” உண்மைதான். புகைபோக்கி வழியே வீணாகப் போகும் சூட்டைப் பிடித்து, உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றும் ஏர் ப்ரீஹீட்டரை பெல் நிறுவனம் ராணிப்பேட்டையில் செய்கிறது. ஆனால் பாய்லருக்குக் காற்றைத் தள்ள ராட்சத விசிறி இருக்கிறது. காற்று விரிந்துவிட்டதா, இன்னும் கொஞ்சம் தள்ளினால் போயிற்று. டர்போ இல்லாத கார் என்ஜினுக்கு அந்த வசதி கிடையாது, தன் சிலிண்டர் கொள்வதை மட்டும்தான் அது இழுக்கும்.

பானெட்டுக்குள் இருக்கும் சூட்டிலிருந்து ஃபில்டரை மறைக்க எந்தக் காருக்குத் தகட்டுத் தடுப்பு வேண்டும்? கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்குப் பெரும்பாலும் வேண்டாம். அதன் ஏர் ஃபில்டர் மூடிய பெட்டிக்குள் இருக்கும். கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ ஹெட்லைட் பக்கத்திலிருந்தோ ஒரு குழாய் வெளிக்காற்றை அந்தப் பெட்டிக்குக் கொண்டுவரும். சங்கடம் எல்லாம் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு கோன் ஃபில்டர் மாட்டிய கார்களில்தான். சத்தம் கம்பீரமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சூடேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் திறந்தபடி நிற்கும் அந்த ஃபில்டர் இழுப்பது வெந்த காற்றை. காசு கொடுத்து இழுவையைக் குறைத்துக்கொண்ட கதைதான்.

சூடு இரண்டு வழியாக வருகிறது. டீக்கடை பாய்லருக்குப் பக்கவாட்டில் கையை நீட்டிப் பாருங்கள், தொடாமலே சுடும். நடுவில் ஒரு செய்தித்தாளைப் பிடித்தால் உடனே அடங்கும். அது கதிர்வீச்சு. பளபளப்பான அலுமினியத் தகடு அதில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பி அடித்துவிடும். இன்னொரு வழி, ரேடியேட்டரைத் தாண்டி வரும் அனல்காற்று. அதைப் பளபளப்பு தடுக்காது, இடைவெளியில்லாமல் அடைத்தால்தான் நிற்கும். வீட்டில் செய்த தடுப்புகள் பல தோற்பது இங்கேதான்: ஒரு பக்கம் மட்டும் தகடு நிற்கும், மற்ற பக்கமெல்லாம் திறந்து கிடக்கும்.

முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். டி.வி. வந்த பெட்டி போதும். ஃபில்டரைச் சுற்றிச் சுவர் மாதிரி நிற்க வேண்டும், மேல் விளிம்பு பானெட்டின் அடிப்பக்கத்தைத் தொட வேண்டும். அளவு சரியானதும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் அலுமினியத் தகடு வாங்கி, அட்டையை மேலே வைத்து வெட்டுங்கள். மடிப்பை டிங்கர் பட்டறையில் கொடுத்தால் நேராக வரும். மூலைகளை ரிவெட் அடித்து, விளிம்பு முழுக்க ரப்பர் பீடிங் மாட்டுங்கள். பானெட்டை மூடும்போது அந்த பீடிங்தான் அழுந்தி அடைக்கும். வயர் அறுபடாமல் காப்பதும் அதுவே. மேனிஃபோல்டிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி நிற்கட்டும், ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் ஆடும். பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மூடி கட்டாயம். தகடு அதில் பட்டால் தீப்பொறிதான். ஃபில்டர் பக்கம் கண்ணாடி நார் எதையும் ஒட்டாதீர்கள், உதிர்ந்தால் நேராக என்ஜினுக்குள் போகும்.

கடைசியில் ஃபில்டர் இருக்கும் அறைக்குள் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்று வர ஒரு குழாய் விடுங்கள். தகட்டை விட இதுவே முக்கியம். அதன் வாய் பம்பருக்குக் கீழே தொங்க வேண்டாம். ஐப்பசி மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீரை உறிஞ்சினால் கனெக்டிங் ராடு வளையும். அந்தச் செலவு ஆயிரத்தில் முடியாது.

பலன் இருக்கிறதா என்று காதை நம்பிச் சொல்லாதீர்கள். காரின் கோளாறு பார்க்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சொருகும் சின்ன ரீடர், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையை மொபைலில் காட்டும். திருவானைக்காவல் தாண்டி சென்னை பைபாஸில் ஏறி, தகடு இல்லாமல் ஒரு முறை, மாட்டி ஒரு முறை, அதே நேரத்தில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஓடும்போது வித்தியாசம் தெரியும். காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றால் தகடும் சூடேறிவிடும், அங்கே எந்தத் தடுப்பும் பெரிதாக உதவாது.

மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதி மிதித்து ஓட்டும்போது பெட்ரோல் என்ஜினுக்குக் காற்று எப்படியும் தேவைக்கு மேல் வெளியே காத்திருக்கிறது. த்ராட்டில்தான் அதை மறித்து வைத்திருக்கிறது. குளிர்ந்த காற்றின் லாபம் முழு மிதியில் மட்டும். ஆகவே, தகடு வாங்கக் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து, கம்பெனி கொடுத்த அந்தக் காற்றுக் குழாய் கழன்று கிடக்கிறதா என்று பாருங்கள். கழன்றிருந்தால் மாட்டிவிடுங்கள், பலருக்கு வேலை அதோடு முடிந்துவிடும்.