துப்பாக்கிக்கு முட்டுக்கொடுத்தல்: கவைக்கோலிலிருந்து பயறு மூட்டை வரை

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியும் முன்பே ஊசுட்டேரிக் கரையில் போய் உட்கார்ந்துவிட்டேன். புதுச்சேரி டவுனிலிருந்து பத்து கிலோமீட்டர்தான். குளிர்காலத்தில் சேற்றுப் பூனைப்பருந்து இங்கே வலசை வரும். கோரைக்கு மேலே தாழப் பறந்தபடி இரை தேடும் பறவை. அன்றைக்கும் வந்தது. 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தபடியே எழுபது, எண்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை, எல்லாம் கலங்கல்.

நண்பர் சொன்னார் என்று ஒரு ட்ரைபாட் வாங்கினேன். அடுத்த வாரம் அதன் மூன்று காலையும் நீட்டி, திருகி, நிமிர்ந்து பார்ப்பதற்குள் பருந்து ஏரியின் அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு ஞாயிறு வீண். சரி, இதே பிரச்சினை வேறு யாருக்கு இருந்திருக்கும் என்று தேட ஆரம்பித்ததில் வேட்டைக்காரர்களிடம் போய் நின்றேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றம். இது வேட்டைக்கான வழிகாட்டி கிடையாது. ஆனால் அந்தத் தொழில்நுட்பத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஏன் ஆடுகிறது?

கணக்கு ரொம்ப எளிது. துப்பாக்கியின் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், 30 மீட்டரில் 5 செ.மீ. தப்பும், 100 மீட்டரில் கிட்டத்தட்ட 17 செ.மீ. தப்பும். அந்த ஒரு மில்லிமீட்டருக்கு மூச்சே போதும். அதோடு இதயத் துடிப்பு, தசைகளின் இயல்பான நடுக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் இவற்றைக் குறைக்கலாமே தவிர நிறுத்த முடியாது. அதனால்தான் முட்டு.

இது பழைய யோசனை. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டின் மஸ்கெட் துப்பாக்கிகள் அவ்வளவு கனம். தரையில் ஒரு கவைக்கோலை ஊன்றி அதன் மேல் வைத்துத்தான் சுடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை ஃபூர்கீன் என்றார்கள். அவர்கள் 1674இல் நம்மூரில் காலூன்றிய நேரத்தில் துப்பாக்கி இலேசாகி, அந்தக் கோலும் வழக்கொழியத் தொடங்கிவிட்டது. திபெத்தியத் துப்பாக்கிகளில் மான்கொம்பு வைத்த இரட்டைக் கால் குழலோடு சேர்ந்தே இருக்கும். வட இந்தியாவில் ஜம்பூரக் என்று ஒரு சின்ன பீரங்கி உண்டு, அதற்கு முட்டு ஒட்டகத்தின் முதுகு!

பரண்

ஆட்கொல்லி வேட்டைக் கதைகளில் 'மச்சான்' என்று வரும். நம்மூர் மச்சான் இல்லை. நாம் பரண் என்று சொல்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஜிம் கார்பெட் ருத்ரபிரயாகை சிறுத்தையை 1926 மே மாதம் சுட்டது ஒரு மாமரத்துப் பரணிலிருந்து. நம் பக்கத்தில் ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனும் இரவிரவாகப் பரணில் காத்திருந்தவர்தான். பரண் ஆளைக் காப்பாற்றும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடவே அசையாமல் உட்கார இடமும், கைக்கு மரக்கிளையும், நிதானிக்க நேரமும் தரும்.

எதிர் உதாரணமும் உண்டு. 1930இல் சௌகர் பெண்புலியைக் கார்பெட் ஒரு கையால் சுட்டார். மறுகையில் பறவை முட்டைகள்! ஆனால் புலி இருந்தது எட்டடி தூரத்தில். அந்தத் தூரத்தில் முட்டு தேவையில்லை, நெஞ்சுறுதிதான் தேவை.

இன்றைக்கு யாருக்குத் தேவை?

மயக்க ஊசி போடும் வன கால்நடை மருத்துவர்களுக்கு. 2021இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 புலி நினைவிருக்கும். உடனே கொல்லாமல் உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம். மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடித்தார்கள்.

மயக்க ஊசித் துப்பாக்கி, ரைஃபிள் மாதிரி கிடையாது. வாயு அழுத்தத்தில் மெதுவாகப் போகும் ஊசி, போகப் போகத் தாழும். தூரத்துக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்ற வேண்டும். ஊசி தோளிலோ தொடையிலோ சதைப்பற்றான இடத்தில் இறங்க வேண்டும். வயிற்றிலோ நெஞ்சிலோ இறங்கினால் விலங்கின் உயிருக்கே ஆபத்து. மருந்து பாதி இறங்கினால், அரை மயக்கத்தில் இருக்கும் புலியைத் தேடிப் புதருக்குள் போகிறவர்களுக்கு ஆபத்து. கை ஒரு மில்லிமீட்டர் ஆடுவதற்கு இங்கே விலை அதிகம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவில் கயோட்டி என்ற ஓநாய் இன விலங்கை, முயல் கதறுவது போல ஒலியெழுப்பி வரவழைத்துச் சுடுவார்கள். அங்கே அது சட்டபூர்வம். விலங்கு எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரியாது. வந்தாலும் சில நொடிதான் நிற்கும். அதனால் அவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கும் பொருந்தின: எவ்வளவு சீக்கிரம் நிறுத்தலாம்? எவ்வளவு சுலபமாகத் திருப்பலாம்? சத்தம் போடுமா? நாள் முழுக்கத் தூக்க முடியுமா?

குழலோடு பொருத்தும் இரட்டைக் கால் (பைபாட்): படுத்துக்கொண்டு, தட்டையான தரையில் அருமை. முன்னால் இடுப்பளவு புல் இருந்தால் புல்தான் தெரியும்.

ஒற்றைக் கோல்: மேல்கீழ் ஆட்டம் குறையும், பக்கவாட்டு ஆட்டம் குறையாது. ஆனால் நிறுத்தவும் திருப்பவும் நொடிதான்.

குறுக்குக் கோல்: இரண்டு மூங்கிலைக் கத்தரிக்கோல் மாதிரி கட்டினால் போதும். உட்கார்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டால் உங்கள் உடம்பே மூன்றாவது கால். விலைக்கும் எடைக்கும் இதைவிட நல்லது கிடையாது.

ட்ரைபாட்: நான்கிலும் உறுதியானது, கனமானதும் இதுதான். இரை வரும் இடம் முன்பே தெரிந்தால் மட்டும்.

பயறு மூட்டை: ஜீப் கதவு, பாறை, மதில் எதன் மேலும் வைக்கலாம். முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும், அப்போதுதான் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும்.

துப்பாக்கிக்கு மட்டும் இரண்டு விதி. ஒன்று, குழலை நேராகக் கட்டையின் மேலோ கல்லின் மேலோ வைக்கக் கூடாது. சுடும்போது குழல் அதிரும், துள்ளும், குண்டு வேறு இடத்துக்குப் போகும். குழலுக்கு அடியில் உள்ள மரப்பகுதிதான் முட்டின் மேல் இருக்க வேண்டும், அதுவும் மெத்தென்று. இரண்டாவது, பின்பக்கத்துக்கும் ஒரு பிடிமானம் வேண்டும். முன்னால் எத்தனை கால் வைத்தாலும் தோள் ஆடினால் குறியும் ஆடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

பிரசன்டேஷனுக்கு வைத்திருக்கும் லேசர் பாயின்டரை ஒரு கம்பில் டேப் போட்டு ஒட்டி, பத்து மீட்டர் தள்ளி மொட்டைமாடிச் சுவரில் அடித்துப் பார்த்தேன். வெறும் கையில் புள்ளி ஒரு இட்லி அளவுக்குச் சுற்றியது. குறுக்குக் கோலில் பத்து ரூபாய் நாணயத்துக்குள் நின்றது. மூட்டையில் அதைவிடக் குறைவு. லேசரை ஆள் மேலோ வண்டி மேலோ அடித்துவிடாதீர்கள்.

கடைசியில் என் தேர்வு: பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தெருமுனை தையல்காரரிடம் கொடுத்து, உள்ளே ஒன்றரைக் கிலோ பச்சைப்பயறு. தலையில் அடித்துக்கொண்ட மனைவி, வண்டு வந்தால் நானே புடைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். பிப்ரவரிக் கடைசியில் கரையோரக் கல்லின் மேல் மூட்டையை வைத்துக் காத்திருந்தேன். பருந்து ஒரே தடவைதான் வந்தது. நான்கு படம் எடுத்தேன். அதில் ஒன்றில் அதன் கண் தெளிவாகத் தெரிகிறது.