ரேடியோலேப்

ரேடியோலேப் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உள்ள டபிள்யூ.என்.ஒய்.சி. என்னும் பொது வானொலி நிலையம் தயாரிக்கும் வாராந்த வானொலி நிகழ்ச்சி ஆகும். அறிவியல், வரலாறு, இசை, மெய்யியல் ஆகிய துறைகள் சார்ந்த ஒலி விவரணங்கள் இதில் ஒரு மணி நேர அளவில் ஒலிபரப்பாகின்றன. அந்நாட்டின் பிற பொது வானொலி நிலையங்கள் பலவும் இதனை ஒலிபரப்புகின்றன. இணையத்தில் இருந்து தரவிறக்கியும் கேட்கலாம். படமோ எழுத்தோ இன்றி, ஓர் அறிவியல் கருத்தை ஒலியால் மட்டுமே விளக்கும் முறைக்காக இந்நிகழ்ச்சி அறியப்படுகின்றது.

தோற்றம்

இந்நிகழ்ச்சியை 2002 இல் ஜாட் அபும்ராட் தொடங்கினார். இவர் ஓபர்லின் கல்லூரியில் இசையமைப்பும் படைப்பெழுத்தும் பயின்றவர். தொடக்கத்தில் இது நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்பில், பிறர் தயாரித்த விவரணங்களைத் தொகுத்து வழங்கும் மூன்று மணி நேர நிகழ்ச்சியாக இருந்தது. பின்னர், தொலைக்காட்சியிலும் வானொலியிலும் அறிவியல் செய்தியாளராக நீண்ட அனுபவம் பெற்ற ராபர்ட் குருல்விச் இணைந்தார். அதன்பின் ஒரே கருப்பொருளை ஒரு மணி நேரத்தில் ஆராயும் வடிவம் உருவானது.

விளக்கும் முறை

அறிஞரின் பேச்சு முழுமையாக ஒலிபரப்பப்படுவதில்லை. அவர் ஒரு கருத்தைச் சொல்லும்போதே தொகுப்பாளர்கள் இடைமறித்து, பொதுமக்கள் கேட்கக்கூடிய ஐயங்களை எழுப்புவர். இசையும் ஒலிக்குறிப்புகளும் பின்னணியாக மட்டும் அமையாமல் விளக்கத்தின் பகுதியாகவே அமையும்.

2006 இல் வெளிவந்த "மியூசிக்கல் லாங்குவேஜ்" இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். உளவியலாளர் டயானா டாய்ச், தாம் பதிவு செய்த பேச்சில் உள்ள ஒரு சிறு சொற்றொடரை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தபோது, அது பாடலைப் போலக் கேட்பதைக் கண்டறிந்தார். ஒலிப்பதிவில் எம்மாற்றமும் இல்லை. மாறுவது கேட்பவரின் உணர்வே. முழு வாக்கியத்தை மறுபடி கேட்டால், அச்சொற்றொடர் மட்டும் பாடப்படுவது போலத் தோன்றும். இதனை வானொலியில் கேட்பவர் தாமே சோதனைக்கு உட்படுகிறார். அச்சில் படிப்பவருக்கு இவ்வாய்ப்பு இல்லை. 1913 இல் பாரிசில் ஸ்திராவின்ஸ்கியின் "வசந்தகாலச் சடங்கு" முதன்முதலில் அரங்கேறியபோது எழுந்த அமளியும் இதே நிகழ்ச்சியில் ஆராயப்பட்டது.

விருதுகள்

2007 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் தொடர்பாடல் விருதும், 2010 ஆம் ஆண்டுக்கான பீபொடி விருதும் கிடைத்தன. அபும்ராட் 2011 இல் மெக்ஆர்தர் நல்கை பெற்றார்.

மஞ்சள் மழைச் சர்ச்சை

1975 இன் பின்னர் லாவோசில் தம்மீது மஞ்சள் நிற நச்சுப்பொருள் பொழியப்பட்டதாக மொங் மக்கள் கூறினர். 1981 இல் ஐக்கிய அமெரிக்கா இதனைச் சோவியத் ஒன்றியம் வழங்கிய வேதி ஆயுதம் எனக் குற்றஞ்சாட்டியது. ஆனால் ஆர்வர்டு உயிரியலாளர் மாத்யூ மெசெல்சனும் பிறரும், கிடைத்த மஞ்சள் துளிகள் மகரந்தம் நிறைந்த தேனீக் கழிவு என விளக்கினர்.

2012 இல் இது குறித்த நிகழ்ச்சியில், தாக்குதலில் தப்பிய மொங் முதியவர் ஒருவரை, அவருடைய உறவினரான எழுத்தாளர் காவ் கலியா யாங் மொழிபெயர்க்க, குருல்விச் நேர்கண்டார். கண்ணால் கண்ட சான்று உண்டா என அவர் திரும்பத் திரும்பக் கேட்டது, கொல்லப்பட்ட மக்களின் துயரத்தைப் புறக்கணிப்பதாக யாங் கண்ணீருடன் மறுத்துரைத்தார். நேயர்கள் பலரும் கண்டித்தனர். குருல்விச் தமது கேள்விகளின் கடுமைக்காக மன்னிப்புக் கோரினார். அறிவியல் சான்றுக்கும் பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலத்துக்கும் இடையே ஊடகம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற வினாவை இந்நிகழ்வு எழுப்பியது.

பிந்தைய ஆண்டுகள்

குருல்விச் 2020 இலும் அபும்ராட் 2022 இலும் விலகினர். அவர்களுக்குப் பின் லூலு மில்லரும் லத்தீப் நாசரும் நிகழ்ச்சியை நடத்தி வந்தனர். நாசர் தம் குழந்தையின் அறையில் இருந்த சூரியக் குடும்பச் சுவரொட்டியில், வெள்ளிக்கு "சூஸ்வே" என்ற நிலவு இருப்பதாகக் கண்டார். 2002 வி.இ. என்ற குறியீட்டில் உள்ள எண்களை ஆங்கில எழுத்துகளாகப் பிழையாக வாசித்ததால் உண்டான பெயர் அது. அது வெள்ளியின் உண்மையான நிலவன்று; சூரியனைச் சுற்றியபடியே வெள்ளியை ஒட்டிச் செல்லும் போலித் துணைக்கோள் ஆகும். நிகழ்ச்சிக் குழுவின் முயற்சியால், 2024 இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் சூஸ்வே என்பதையே அதன் முறையான பெயராக ஏற்றுக்கொண்டது.