மருந்துக்கு மூளை தரும் பதில்

மாணவர்களே, மனச்சிதைவு நோயாளிகளுக்குத் தரப்படும் ஹாலோபெரிடால், டோப்பமின் வந்து சேரும் ஏற்பிகளைச் சில மணி நேரத்திலேயே அடைத்துவிடும். மூளையின் பதிலோ மெதுவாகத்தான் வரும்.

மூளையின் ஆழத்தில், உடல் அசைவைச் சீராக்க உதவும் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதி உள்ளது. அங்குள்ள சில நரம்பணுக்கள் என்கெஃபலினைத் தயாரிக்கின்றன. ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு அது. வழக்கமாக டோப்பமின் இந்தத் தயாரிப்பை அடக்கி வைக்கும். டோப்பமின் தடுக்கப்பட்டால்? அணுக்கள் கூடுதலாகத் தயாரிக்கும். நீண்ட நாள் மருந்து பெற்ற எலிகளில் என்கெஃபலின் கூடியிருந்ததை 1978இல் ஆய்வாளர்கள் கண்டனர்.

இதைப் படித்துவிட்டு, வீட்டில் மாத்திரை சாப்பிடுபவரைப் பயமுறுத்திவிடாதீர்கள்! திடீரென நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். தேவைப்பட்டால் மருத்துவரே மருந்தை மாற்றுவார். குளோசபின் கொடுத்த எலிகளில் என்கெஃபலின் கூடவில்லை. நோயாளிகளுக்கும் அம்மருந்தால் கை நடுக்கம், உடல் விறைப்பு குறைவு. ஆனால், அது இரத்த வெள்ளையணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.