கட்டணமில்லாச் சமயப் பள்ளியும் தோட்டச் சிறுவனும்

வறியோர் மக்களுக்குக் கட்டணம் பெறாது கல்வி வழங்குதல் சமய நிறுவனங்களின் தொன்மையான அறப்பணிகளுள் ஒன்றாகும். எனினும், கட்டணத்தை நீக்கிய அளவில் ஏழைச் சிறுவன் பள்ளிக்கு வந்துவிடுகின்றானா என்பது ஆராயற்பாலது. மலையகத்தின் திம்புள்ளப் பகுதி இவ்வினாவுக்குத் தக்க களமாக அமைகின்றது.

தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களைக் கொண்டது திம்புள்ள. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பிப் பயிரை அழித்தபின், இங்குத் தேயிலை பரவியது. இத்தோட்டங்களில் உழைத்த தென்னிந்தியத் தமிழரிடையே கல்வி இரு வழிகளில் நுழைந்தது. ஒன்று லயப் பள்ளி. எழுத்தறிந்த ஒருவர் சிறுவர் சிலரைக் கூட்டி எழுத்தும் எண்ணும் பக்திப் பாடல்களும் பயிற்றுவது அதன் இயல்பு. மற்றையது மிஷன் பள்ளி. அங்கிலிக்கன் மிஷனரிமார் தோட்டத்துரைமாரின் ஆதரவுடன் 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்னும் பணியைத் தொடங்கினர். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் அதிற் பணியாற்றினர்.

ஆயின், தோட்டத்திலே குடும்பம் முழுவதும் உழைப்பை நம்பியே வாழ்ந்தது. களை பிடுங்கும் சிறுவனுக்கும் செக்ரோலிற் பேர் விழும். அச்சிறுகூலியும் குடும்பத்தின் அரிசிக் கணக்கிற் சேரும். பள்ளியில் ஒருநாள் இருத்தல் ஒருநாட் கூலியை இழத்தலாயிற்று. பள்ளி பணம் கேட்கவில்லையாயினும், பெற்றோர் அதற்கு விலை கொடுத்தே தீரவேண்டியிருந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளின் கல்விக்குத் தோட்ட நிருவாகத்தைப் பொறுப்பாக்கியது. பத்து வயது நிரம்பியதும் சிறுவன் தொழிலாளியானான்.

ஈண்டு வேறு இரு முயற்சிகளை ஒப்புநோக்கலாம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை கட்டணமின்றிக் கற்பித்தது. பிள்ளையின் உணவு வீட்டின் பொறுப்பாகவே இருந்தது. விபுலானந்த அடிகள் மட்டக்களப்பில் இராமகிருஷ்ண மிஷன் சார்பில் நடத்திய பணி ஒருபடி மேற்சென்றது. 1929இல் தோன்றிய சிவானந்த வித்தியாலயத்தோடு மாணவர் இல்லமும் இணைந்து, ஆதரவற்ற சிறுவர்க்கு உணவும் உறையுளும் அளித்தது. பசித்த பிள்ளைக்குப் பாடம் மட்டும் போதாது என்னும் உண்மையை அவ்வில்லம் உணர்ந்திருந்தது.

1945இல் நாடு முழுவதற்கும் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் நிருவாகங்களின் கையிலேயே நின்றன. 1970களிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. சிறுவர் வேலைக்குச் செல்லும் வழக்கம் பெரிதும் அருகிய பின்னரும் பழைய கணக்கு முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. உயர்வகுப்புக்காகத் தோட்டத்தை விட்டு நகர் செல்லும் பிள்ளைக்குப் பஸ் செலவு உண்டு. பகலுணவுச் செலவும் உண்டு.

ஆகவே, கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ இன்று கல்வி அறம் செய்ய விழையின், பாடத்தோடு பயணத்தையும் உணவையும் பொறுப்பேற்றல் வேண்டும். லயப் பள்ளியின் மூலையிற்கூட இடம்பெறாத சிறுமியரையும் அவ்வறம் அணைத்துக்கொள்ளல் வேண்டும்.